முப்பத்தொரு பேரும் மூன்று இணையதளங்களும்

ஒரு பயண இணையதளத்தை மதிப்பிட்டுச் சொல்லுங்கள் என்றால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? டிராவல் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் நாலைந்து பேரிடம் போன வாரம் இதைக் கேட்டுப் பார்த்தேன். விலை என்றார் ஒருவர். வேகம் என்றார் இன்னொருவர். வாடிக்கையாளர்கள் போட்டிருக்கும் நட்சத்திரங்களை எண்ணுவேன் என்றார் ஒரு பெண். யாரையும் குறை சொல்லமாட்டேன். நானும் அப்படித்தான் பார்த்தேன். பார்த்து, மதிப்பெண் போட்டு, அடியில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கையெழுத்து என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு சின்ன டிராவல் ஏஜென்சியில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள் நான். கீழே பாத்திரக்கடை, மாடியில் நாங்கள். மூன்று மேசைகள், ஒரு கம்ப்யூட்டர், காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகக் கொடுக்கும் ஒரு மின்விசிறி. முதலாளியை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. அதற்குள் வாய் பழகிவிட்டது.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் விமானக் கம்பெனிகள் எங்களுக்குக் கொடுத்துவந்த கமிஷனைக் குறைக்க ஆரம்பித்தன. அதே நேரத்தில் மழைக்குப் பின் ஈசல் கிளம்புவதுபோலப் பயண இணையதளங்கள் கிளம்பின. வாரத்துக்கு ஒருவராவது சென்னையிலிருந்து டை கட்டிக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்கள். மதுரை வெயிலில் டை கட்டியவரைப் பார்த்தாலே அண்ணனுக்குப் பாவமாகிவிடும். உடனே ரோஸ்மில்க் வாங்கிவரச் சொல்லுவார். வந்தவர்கள் குடித்துவிட்டு ஒரே பாட்டைப் பாடுவார்கள்: எங்கள் தளத்தில் ஏஜெண்டாகச் சேருங்கள், தனி ஐ.டி. தருகிறோம், இங்கே உட்கார்ந்தே இந்தியா முழுக்க விமானமும் ரூமும் போடலாம்.

ஒருநாள் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"சுசீலா, எல்லாப் பயலும் ஒரே மாதிரிதான் பேசுறாய்ங்க. எவன் நல்லவன்னு எனக்குப் பிடிபடலை. நீ ஒரு வாரம் உட்கார்ந்து பாரு. பாத்துட்டு ஒரு ரிப்போர்ட்டு எழுதிக் குடு. நீ கை காட்டுற ஆளோட சேந்துக்கிடுவோம்."

"எனக்கு என்னண்ணே தெரியும் இதெல்லாம்?"

"கையால டிக்கெட் எழுதின காலத்துல இருந்து ஒரு பேரைக்கூடத் தப்பா எழுதினதில்லையில்ல நீ? அம்புட்டுப் போதும்."

மூன்று தளங்களை எடுத்துக்கொண்டேன். அவற்றின் பெயர்கள் வேண்டாம். பக்கத்தின் நிறத்தை வைத்து நான் அப்போது எப்படிக் கூப்பிட்டேனோ அப்படியே சொல்கிறேன். மஞ்சள், நீலம், சாம்பல்.

மஞ்சளைத் திறந்தால் கல்யாண வீடு போல இருக்கும். படங்கள், ஓடும் எழுத்துகள், 'இன்னும் இரண்டே அறைகள்' என்று துடிக்கும் சிவப்புப் பட்டை. ஹோட்டல் விலையும் அதில்தான் குறைவு. நீலத்தில் விமான டிக்கெட் மட்டும்தான். தன் கட்டணத்தைத் தனி வரியில் போட்டுக் காட்டிவிடும். சாம்பல்தான் பரிதாபம். அரசாங்க அலுவலக நோட்டீஸ் மாதிரி ஒரு பக்கம். படம் ஏறுவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். ஹோட்டல் விலையும் மஞ்சளைவிடக் கூடுதல். பத்துப் பேருக்கு மேல் என்றால் போன் செய்யுங்கள் என்று ஒரு வரி வேறு. போன் செய்யவேண்டுமென்றால் இணையதளம் எதற்கு என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்தேன். விலை, வேகம், பார்வை, எளிமை, கமிஷன். மஞ்சள் முதல் மாணவன். சாம்பல் கடைசி பெஞ்சு. அண்ணன் படித்தார், தலையாட்டினார், மஞ்சள் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே போனது. பெங்களூருக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள், திருமங்கலத்திலிருந்து வரும் பருத்தி வியாபாரிகள் என்று ஒற்றை ஆட்களுக்கு மளமளவென்று ரூம் போட்டுக் கொடுத்தேன். ஒருவரும் குறை சொல்லவில்லை.

அப்போதுதான் பத்மநாபன் மாமா வந்தார்.

அவர் சொந்த மாமா இல்லை, தெருவுக்கே மாமா. தபால் துறையில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் சௌராஷ்டிரர்கள். வீட்டில் பேசும் மொழி வேறு, தெருவில் பேசும் மொழி தமிழ். எங்கள் முன்னோர் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் குஜராத் கரையிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் என்று கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் எங்கள் தெருவில் அந்தக் கரையைப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. மாமா அதற்கு ஒரு முடிவு கட்டினார். முப்பத்தொரு பேரைச் சேர்த்துவிட்டார். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். என் சித்தியும் அதில் ஒருத்தி.

"சோமநாதர் கோயில்ல பௌர்ணமி அன்னைக்கு நிக்கணும். அப்புறம் துவாரகை. அகமதாபாத் போயித் திரும்பிரணும். துவாரகையில மடத்துக்கு நானே லெட்டர் எழுதிப் பதிலும் வாங்கிட்டேன். பஸ்ஸும் அகமதாபாத்துல பேசியாச்சு. சோமநாதர்ல ரூமும், சென்னையில இருந்து பிளேனும் நீ பாத்துக்கம்மா" என்றார். இதையெல்லாம் அவர் எங்கள் வீட்டு மொழியில்தான் சொன்னார். கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு மாறுவார். அதனால் அவர் தமிழ் பேசினாலே தெருவில் ஒரு நடுக்கம்.

விமான டிக்கெட்டை எப்போதும்போல விமானக் கம்பெனியிலேயே எடுத்துவிட்டு, மஞ்சளில் பதினாறு அறைகள் போட்டேன். நொடியில் வவுச்சர் வந்தது. 'உறுதி செய்யப்பட்டது' என்று பச்சை எழுத்தில் இருந்தது. மாமாவிடம் கொடுத்தபோது கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை வாசித்தார்.

"இதுல ஹோட்டல்காரன் கையெழுத்து எங்கம்மா?"

"இப்பல்லாம் கையெழுத்து கிடையாது மாமா. கம்ப்யூட்டர்ல வந்தா வந்ததுதான்."

"சரிம்மா, நீ சொன்னாச் சரி" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

புறப்பட நான்கு நாள் இருந்தது. காலை பத்தரை மணி. முட்டிவலிக்காரர்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களுக்குத் தரைத்தளத்தில் அறை கேட்போமே என்று சோமநாதர் ஹோட்டலுக்கு நேரடியாகப் போன் போட்டேன். அது கடமைக்குச் செய்த போன்கூட இல்லை. சித்தி இரண்டு நாளாகத் தன் முட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள், அவள் வாயை அடைக்கச் செய்த போன்.

மேனேஜர் இந்தியில் பேசினார். பள்ளிக்கூடத்தில் படித்த இந்தியை வைத்து நான் சமாளித்தேன். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"அந்தப் பேருல ஒண்ணுமே இல்லையேம்மா."

"பதினாறு ரூம். வவுச்சர் நம்பர் சொல்லட்டுமா?"

"நம்பர் உங்ககிட்ட இருக்கும். ரூம் என்கிட்டல்ல இருக்கணும்? பௌர்ணமித் திருவிழாம்மா. மூணு மாசத்துக்கு முன்னாடியே நிறைஞ்சு போச்சு."

மஞ்சள் கம்பெனி பெயரைச் சொன்னதும் சலித்துக்கொண்டார். "அவங்களா? முதல்ல உங்ககிட்ட வித்துருவாங்க. ரெண்டு நாள் முன்னாடி எங்களுக்குப் போன் பண்ணி ரூம் இருக்கான்னு கேப்பாங்க. கூட்டமில்லாத நாள்ல நாங்களும் கம்மி விலைக்குக் குடுத்துருவோம். திருவிழாவுல எங்க போறது?"

காது சூடாகிவிட்டது. வயதான முப்பத்தொரு பேர், தெரியாத ஊரில், திருவிழாக் கூட்டத்தில், பெட்டியோடு நடுத்தெருவில் நிற்கிற காட்சி கண்முன் வந்தது. அதில் முன்வரிசையில் என் சித்தி.

மஞ்சளின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போட்டேன். நெடுநேரம் இசை கேட்டது. பிறகு ஒரு குரல்.

"சிஸ்டத்துல கன்ஃபர்ம்டுன்னுதான் காட்டுது மேடம்."

"சிஸ்டத்துல இருக்குப்பா. ஹோட்டல்ல இல்லையே."

"சிஸ்டத்துல இருந்தா ஹோட்டல்லயும் இருக்கும் மேடம்."

"நான் இப்பத்தான் ஹோட்டல்ல பேசினேன்."

"ரூம் கிடைக்கலைன்னா முழுப் பணமும் திருப்பிக் குடுத்துருவோம் மேடம். அது எங்க கேரண்டி." அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

அந்த இடத்தில் நான் கத்தியிருக்கலாம். கத்தவேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அவரிடம் இல்லாத ஒன்றை அவரிடம் எவ்வளவு நேரம் கேட்டாலும் வரப்போவதில்லை. நேரம்தான் போகும். போனை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். ஹோட்டல் மேனேஜரிடம் நான் கேட்டது தப்பான கேள்வி என்று அப்போதுதான் உறைத்தது. அறை ஏன் இல்லை என்று கேட்டிருந்தேன். அறை எப்போது இருக்கும் என்று கேட்கவில்லை.

மறுபடி போட்டேன்.

"பௌர்ணமி முடிஞ்சு மறுநாள் வாங்கம்மா. ஊரே காலியா இருக்கும்" என்றார். "ஆனா என் கையில ஏழு ரூம்தான் இருக்கு. மிச்சத்தைச் சென்னையில ஒரு கம்பெனிக்காரங்க வருஷம் பூராவும் எடுத்து வெச்சிருக்காங்க. அவங்ககிட்ட கேளுங்க. அவங்களே மொத்தத்தையும் போட்டுத் தந்துருவாங்க."

அவர் சொன்ன பெயரை எழுதிக்கொண்டு பார்த்தேன். என் கடைசி பெஞ்சு சாம்பல்.

போன் மூன்றாவது மணியில் எடுக்கப்பட்டது. ஜலதோஷம் பிடித்த ஒரு பெண் குரல். விஷயத்தைச் சொன்னேன். "முப்பத்தொரு பேர்ல முட்டிவலிக்காரங்க எத்தனை பேர் மேடம்?" என்று நான் சொல்லும் முன்னால் அவரே கேட்டார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பௌர்ணமிக்கு மறுநாளிலிருந்து இரண்டு இரவுக்குப் பதினாறு அறைகளை அன்று மாலை ஐந்து மணி வரை எனக்காகப் பிடித்து வைப்பதாகச் சொன்னார். "அதுக்கு மேல முடியாது மேடம். இது நாங்க முன்கூட்டியே காசு குடுத்து எடுத்த ரூம். காலியாக் கிடந்தா நஷ்டம் எங்களுக்குத்தான்."

அறை கிடைத்துவிட்டது, ஆனால் பயணத்தின் வரிசை மாறவேண்டும். துவாரகை முதலில், சோமநாதர் பிறகு. பௌர்ணமியன்று சோமநாதரில் நிற்கமுடியாது. அதற்காகவே கிளம்புகிறவர்களிடம் அதை யார் சொல்வது?

அண்ணனிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். ஆனாலும் முதலாளி.

"சுசீலா, இப்பவே போயி உளறி வைக்காத. பஸ்காரன்ட்டப் பேசி ரூட்டை மாத்திக்குவோம். கூட்டம் ஜாஸ்தியா இருக்கு, போலீஸ்காரங்க விடலைன்னு அங்க போயிச் சொல்லிக்கிரலாம். பெரியவங்க, எதுக்கு பயமுறுத்திக்கிட்டு?"

"அண்ணே, அவங்க பௌர்ணமிக்காகப் போறாங்க. வேண்டாம்னு சொல்றதுக்கு அவங்களுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. அங்க போயிச் சொன்னா அதுவும் இருக்காது."

"மொத்தப் பேரும் கேன்சல் பண்ணிட்டா?"

"பண்ணட்டும்ணே. அந்த ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டது நான். நானே போயிச் சொல்றேன்."

அவர் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். "போ. நானும் வாரேன். திட்டுறதுன்னா என்னையும் சேத்துத் திட்டட்டும்" என்றார்.

மூன்று மணிக்குத் தெருவின் பஜனைக்கூடத்தில் எல்லோரையும் மாமா கூட்டிவிட்டார். ஏன் என்று அவரிடமும் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. முப்பத்தொரு பேரும் பயண உற்சாகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா புதுச் செருப்பைப் பழக்குவதற்காகக் கூடத்து வாசல் வரை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அண்ணன் பக்கத்தில் நிற்க, எதையும் பூசி மெழுகாமல் எங்கள் மொழியிலேயே சொன்னேன். பௌர்ணமிக்கு ரூம் இல்லை, துவாரகையை முதலில் பார்த்துவிட்டு மறுநாள் போனால்தான் உண்டு, வவுச்சர் வெறும் காகிதம், அந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தது நான், விசாரிக்காமல் விட்டதும் நான்.

உடனே எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள்.

"அப்ப நாங்க போயித் தெருவுலயா படுத்திருப்போம்?" இது என் சித்தி. சொந்தக்காரி என்பதால் முதல் அடி அவள் கொடுத்தாள்.

"பௌர்ணமி இல்லாம எதுக்குப் போகணும்? அடுத்த வருஷம் போவோம்" என்றார் ஒரு பெரியவர்.

"அடுத்த வருஷம் நீங்க இருப்பீங்களான்னு சாமிகிட்ட கேட்டீங்களா?" என்றார் அவர் மனைவி. கூடத்தில் சிரிப்பு எழுந்தது. ஆனால் மாமா சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். தமிழில் ஆரம்பித்தார்.

"ஏம்மா, அன்னைக்கே கேட்டேன்ல? நாப்பது வருஷம் தபாலாபீஸ்ல இருந்தவன் நான். பதிவுத் தபால் அனுப்பினதுக்கு ரசீது இருக்கும். அது அனுப்பினவன் கையில இருக்குறது. போய்ச் சேந்ததுக்கு ஒப்புகை அட்டை வரணும். வாங்கினவன் கையெழுத்தோட வரணும். அது வராம தபால் சேந்துருச்சுன்னு நாங்க ஒருநாளும் சொன்னதில்ல. நீ ரசீதைக் காட்டி, போய்ச் சேந்துருச்சுன்னுட்ட!"

"தப்புத்தான் மாமா."

"தப்புத்தான்!" என்றார் இன்னும் சத்தமாக. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, முகம் மாறி, எங்கள் மொழிக்குத் திரும்பினார். கூடமே நிம்மதியாக மூச்சு விட்டது. "ஆனா நாலு நாள் முன்னாடியே வந்து சொன்னாளே, அதைப் பாருங்க. அங்க போயித் தெரிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்? இப்ப என்ன, சாமி கூப்பிடலைன்னா சொன்னாரு? கூட்டம் கலையட்டும், நிதானமா வாங்கன்னு சொல்லியிருக்காரு. பௌர்ணமி நிலா துவாரகைக் கடல்லயும் தெரியும்."

கை தூக்கச் சொன்னார். முப்பது கைகள் எழுந்தன. அடுத்த வருடம் என்று சொன்ன பெரியவரின் கை மட்டும் எழவில்லை. அவர் மனைவி தன் கையோடு அவர் கையையும் பிடித்துத் தூக்கினார். முப்பத்தொன்று.

துவாரகை மடத்துக்கு மாமா அங்கிருந்தே போன் செய்தார். இரண்டு நாள் முன்னால் வந்தால் அறை கிடையாது, பெரிய கூடத்தில் பாய் போட்டுத் தருகிறோம் என்றார்கள். பாய் போதும் என்றார்கள் எல்லோரும். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நான் சாம்பலுக்குப் போன் போட்டு அறைகளை உறுதி செய்தேன். இந்த முறை ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டேன். "ஹோட்டல்காரங்க கையெழுத்தும் முத்திரையும் போட்டு நேரா எங்களுக்கு ஃபேக்ஸ் அனுப்பச் சொல்ல முடியுமா?"

"தாராளமா மேடம்" என்று சொல்லித் தும்மினார் அந்தப் பெண்.

மறுநாள் காலை ஃபேக்ஸ் வந்தது. தரைத்தளத்தில் நான்கு அறைகள் என்பது கையால் எழுதப்பட்டிருந்தது. மாமா நேரில் வந்து, அந்தக் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முத்திரை வட்டத்துக்குள் ஊர்ப்பெயர் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கிளம்பினார்.

அவர்கள் சென்னைக்கு ரயிலேறிய பிறகு என் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் படித்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அதில் ஒரு பொய்கூட இல்லை. மஞ்சள் வேகமானதுதான், விலை குறைந்ததுதான், அழகானதுதான். நான் கடையின் முகப்பை மட்டும் அளந்திருந்தேன், கடை எப்படி நடக்கிறது என்று கேட்கவில்லை. ஊரில் வாழைக்காய் மண்டிக்குப் போனால் ஐந்து நிமிடத்தில் அது எனக்குத் தெரிந்துவிடும். ஒருவர் சரக்கைத் தன் காசு போட்டு வாங்கி வைத்து விற்பார். விலை கொஞ்சம் கூட இருக்கும், ஆனால் தார் அவர் கடையில் தொங்கும். இன்னொருவர் கமிஷன்காரர். சரக்கு விவசாயியுடையது, நடுவில் நின்று பேசிவிடுவார், தன் பங்கு இவ்வளவு என்று சொல்லியும் விடுவார். மூன்றாமவர் ஒருவர் உண்டு. கையில் சரக்கே இருக்காது. நாளைக்கு விலை இறங்கும் என்ற நம்பிக்கையில் இன்றைக்கு உங்களிடம் விற்றுவிடுவார். இறங்கினால் அவருக்கு லாபம். ஏறினால் உங்களுக்குக் காய் இல்லை. சாம்பல் முதல் ஆள். நீலம் இரண்டாவது. மஞ்சள் மூன்றாவது. மண்டியில் தெரிந்த விஷயம், திரையில் வந்ததும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அதற்காக மஞ்சளைத் தீட்டுப் பட்டதாக ஒதுக்காதீர்கள். நெருக்கடி இல்லாத நாளில், ஒற்றை ஆளுக்கு, இந்த ஹோட்டல் இல்லாவிட்டால் அடுத்த ஹோட்டல் என்று நடந்துவிடக்கூடிய இளைஞருக்கு, அது நல்ல தளம்தான். நான் முதல் மாதங்களில் போட்ட அறைகள் எல்லாம் அப்படித்தான் கிடைத்தன. நல்ல தளமா, கெட்ட தளமா என்று கேட்டால் பதில் கிடைக்காது. யாருக்கு, எந்த நாளில் என்று கேளுங்கள்.

அந்த வாரமே மூன்றையும் மறுபடி சோதித்தேன். இந்த முறை அண்ணன் பெயரில் மூன்றிலும் டிக்கெட்டோ அறையோ போட்டு, மறுநாள் காலை பதினொரு மணிக்கு வரிசையாக ரத்து செய்தேன். விற்கும்போது எல்லோரும் சிரித்த முகம்தான். திருப்பிக் கொடுக்கும்போது யார் போனை எடுக்கிறார், யார் பாட்டுப் போடுகிறார் என்று பார்த்தேன். நீலம் பிடித்தம் எவ்வளவு என்று நேராகச் சொல்லிவிட்டது. சாம்பலில் அதே ஜலதோஷக் குரல், "ஏன் மேடம், சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டது. மஞ்சளின் பாட்டை எனக்கு இன்றைக்கும் பாடத் தெரியும்.

மஞ்சளின் பிரதிநிதி விஷயம் கேள்விப்பட்டு நேரில் வந்தார். டை, வியர்வை, ரோஸ்மில்க் எல்லாம் முன்போலவே. அண்ணன் அவரைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, ஹோட்டல்காரன் குடுக்குற விலையை விடக் கம்மியா விக்கிறீங்க. உங்களுக்கு எங்கிட்டு இருந்து வருமானம்?"

"சார், இப்போதைக்கு வருமானம் முக்கியம் இல்ல சார். எத்தனை பேர் புக் பண்றாங்கங்கிற எண்ணிக்கைதான் முக்கியம். அதைக் காட்டித்தான் முதலீடு வாங்குறோம்."

"வருமானம் முக்கியமில்லைன்னா எங்க ஊர்ல அதுக்குச் சத்திரம்னு பேரு தம்பி. சத்திரத்துலகூட வந்தவனுக்குப் படுக்க இடம் குடுப்பாங்க."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நல்ல பையன்தான், பாவம், டையைத் தளர்த்திக்கொண்டு மிச்ச ரோஸ்மில்க்கைக் குடித்தார். நாங்கள் அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியோடும் தனியாகக் கட்டிப்போட்டுக்கொள்ளவில்லை. விமானத்துக்கு நீலம், கூட்டத்துக்குச் சாம்பல், அவசரமில்லாத ஒற்றை ஆளுக்கு மஞ்சள், எதுவானாலும் ஹோட்டலுக்கு நேராக ஒரு போன் என்று வைத்துக்கொண்டோம்.

பயணக்காரர்கள் சோமநாதர் போய்ச் சேர்ந்த அன்று மாலை மாமாவின் செல்போனிலிருந்து அழைப்பு வந்தது. பின்னால் கடல் சத்தம் கேட்டது.

"சுசீலா, டீக்கடையில நம்ம பாஷையில பேசினேன்மா. எத்தனை நாள் ஆசை. சொந்த மண்ணுல சொந்த பாஷை! அந்த ஆள் உன்னிப்பாக் கேட்டுட்டு என்ன சொன்னான் தெரியுமா? நீங்க நேபாளமான்னு கேக்குறான்!"

"அப்புறம் என்ன சொன்னீங்க மாமா?"

"மதுரைன்னேன். அப்படியா, உக்காருங்கன்னு இன்னொரு டீ குடுத்தான்."

அறையைப் பற்றி நான் கேட்பதற்குள், கோயில் மணி அடிக்கிறது என்று போனை வைத்துவிட்டார்.

ஊர் திரும்பிய மூன்றாவது நாள், பிரசாதத்தோடு பதினைந்து இருபது பேர் எங்கள் மாடிப்படி ஏறி வந்துவிட்டார்கள். நாற்காலி போதவில்லை. சிலர் மேசையில் சாய்ந்தார்கள். அந்தப் பதினாறு அறைகளுக்காக நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும். அவர்கள் வாயால் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று இருந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அங்கே பருப்பில் சர்க்கரை போடுகிறார்களாம். விமானத்தில் ஜன்னல் திறக்கவில்லையாம். துவாரகையில் பாயில் படுத்துக்கொண்டு பௌர்ணமி நிலாவைப் பார்த்தார்களாம், அதுமாதிரி ஒரு நிலா வாழ்க்கையில் பார்த்ததில்லையாம். புதுச் செருப்பைப் பழக்கிய அம்மாவின் செருப்பைக் கோயில் வாசலில் யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்களாம், கிடைத்தது அதைவிட நல்ல செருப்பாம். அடுத்த வருடம் போகலாம் என்ற பெரியவர், கடற்கரையில் உட்கார்ந்து எழுந்துவர மறுத்து, பஸ்ஸை அரைமணி நேரம் நிறுத்திவிட்டாராம். சித்தி டீயில் இஞ்சி அதிகம் என்றாள், பஸ் டிரைவர் பாட்டு அதிகம் என்றாள், வெயிலைக்கூடக் குறை சொன்னாள்.

ஒரு மணி நேரம் பேசினார்கள். பிரசாதத்தை என் கையில் வைத்துவிட்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனார்கள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "என்ன சுசீலா, ரூமைப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே?"

"ஆமாண்ணே" என்றேன். "ஒருத்தர்கூடச் சொல்லலை. எங்க சித்திகூட ஒரு குறை சொல்லலை."

நாங்கள் இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தோம். நம் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. உங்களுக்கும் அது நிறையக் கிடைக்கவேண்டும்.